கிடையோடு மூன்று நாள்

நெடுநாள்களாக எழுத எண்ணித் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த ஒன்றை இன்று எழுதுகிறேன்.

எங்கள் பள்ளியில் என்னோடு பணியாற்றும் ஆசிரியை ஒருவர் 2023ஆம் ஆண்டில் மங்கோலியாவுக்குச் சென்று வந்தார். வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு, எட்டு நாள்கள் குதிரை மீதேறிப் புல்வெளிகளைச் சுற்றி, அங்குள்ள மேய்ப்பர் குடும்பங்களின் கூடாரங்களில் தங்கியிருக்கிறார். ஆசிரியர் அறையில் அவர் காட்டிய நிழற்படங்களைக் கண்டு நாங்கள் எல்லாம் வாய் பிளந்து நின்றோம். ‘கெர்’ என்னும் வட்டக் கூடாரம், குதிரைப் பாலைப் புளிக்க வைத்துச் செய்யும் ‘ஐராக்’ என்னும் பானம், குதிரை, மாடு, ஒட்டகம், செம்மறி, வெள்ளாடு என அம்மக்கள் போற்றும் ஐவகைக் கால்நடைகள். ஒரு படத்தில் மேய்ப்பர் ஒருவர் குதிரைகளை விசையுந்தில் அமர்ந்து விரட்டிக்கொண்டிருந்தார். அந்தப் படம்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

அவருடைய அனுமதியோடு சில படங்களை என் நான்காம் ஆண்டு மாணவர்களுக்குக் காட்டினேன். பின்வரிசையில் எப்பொழுதும் சன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாணவன் ஒருவன் கையைத் தூக்கி, “டீச்சர், தமிழர்கள்ல இப்படி யாராவது இருக்காங்களா?” என்று கேட்டான். முல்லை நிலம், ஆயர், இடையர் என்று ஏதோ சொன்னேன். “அது அந்தக் காலம் டீச்சர். இப்ப இருக்காங்களா?” என்றான். அவனுக்கு நான் அன்று விடை சொல்லவில்லை. விடை எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த விடை என் வீட்டிலேயே, முன்கூடத்து நாற்காலியில் அமர்ந்திருந்தது.

என் அப்பாவுக்கு அப்போது 78 வயது. மாசாய்க்கு அருகில் இருந்த தோட்டமொன்றில் பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டி, பின்னர் செம்பனையில் வேலை செய்து, தோட்டம் வீடமைப்புப் பகுதியானபோது எங்களோடு தாமானுக்குக் குடிவந்தவர். லயத்து வீட்டுக்குப் பின்னால் அவருக்கு நாற்பது வெள்ளாடுகள் இருந்தன. காலையில் பிரட்டு, வெயில் ஏறும் வரை வெளிக்காடு, பிற்பகலில் ஆடு. 1994இல் அவை அனைத்தையும் விற்றுவிட்டுத்தான் இந்த வரிசை வீட்டுக்கு வந்தோம். கடந்த சில ஆண்டுகளாக அவருக்கு நினைவு மங்கி வருகிறது. என் பெயரை மறந்துவிடும் நாள்களும் உண்டு. ஆனால் மாலை ஏழு மணி ஆகிவிட்டால் எழுந்து, கதவருகே சென்று, “ஆட்டை அடைச்சாச்சா?” என்று கேட்பார். “அடைச்சாச்சுப்பா” என்று சொன்னால் திரும்பிவிடுவார். சில நாள்களில் நம்பமாட்டார். சாலை வரை நடந்துவிடுவார். இருமுறை அக்கம்பக்கத்தார் கண்டு அழைத்து வந்தார்கள்.

அப்பாவின் அப்பா முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆட்டுக்காரக் குடும்பத்துப் பிள்ளை. 1938இல் இந்திய அரசு தோட்டத் தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்துவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலேறி வந்தவர். ஊரில் அவருடைய மூத்தவர்கள் ‘கீதாரி’களாக இருந்தார்கள் என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். ஊரோடு கடிதப் போக்குவரத்து எழுபதுகளிலேயே நின்றுபோயிற்று.

கீதாரி என்னும் சொல் நம் நாட்டு வாசகர் பலருக்குப் புதிதாக இருக்கலாம். இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களிலிருந்து நூற்றுக்கணக்கான செம்மறிகளை ஓட்டிக்கொண்டு, ஆண்டில் பல மாதங்கள் ஊர் ஊராகச் சுற்றும் மேய்ப்பர் கூட்டத்தின் தலைவர்தான் கீதாரி. பல குடும்பங்களின் ஆடுகள் ஒரே மந்தையாகச் சேரும். எங்கே போவது, எவர் வயலில் தங்குவது, எவ்வளவு வாங்குவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. மழைக்காலத்தில் சொந்த வறண்ட நிலத்தில் புல் கிடைக்கும், ஊரில் இருப்பார்கள். தை மாதம் காவிரிப் படுகையில் சம்பா அறுவடையானதும் வடகிழக்கே கிளம்பிவிடுவார்கள். பகலில் அறுத்த வயல்களில் மேய்ச்சல். இரவில் ஒரு வயலில் ஆடுகளை மடக்கிப் படுக்க வைப்பார்கள். அதுதான் கிடை. ஆட்டின் புழுக்கையும் சிறுநீரும் அந்த வயலுக்கு உரம். அதற்காக வயல்காரர் நெல்லோ பணமோ தருவார். “ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம்” என்று அங்கே சொல்வார்கள். ஆட்டு எரு உடனே வேலை செய்யும் என்பது அதன் பொருள். சு. தமிழ்ச்செல்வி ‘கீதாரி’ என்றே ஒரு புதினம் எழுதியிருக்கிறார். கி. ராஜநாராயணனின் ‘கிடை’ குறுநாவலைப் படித்தவர்களும் இருப்பீர்கள்.

நம் நாட்டுப் பள்ளி ஆண்டு அப்போது மார்ச்சு மாதத்தில் தொடங்கிக்கொண்டிருந்தது. ஆகவே 2024இல் ஆண்டிறுதி விடுமுறை பிப்ரவரியில் வந்தது. பழையபடி நவம்பரில் வந்திருந்தால் நான் போயும் பயனில்லை. அப்போது வயலில் பயிர் நிற்கும், ஆடுகள் ஊரில் இருக்கும். திருவாரூர் மாவட்டத்தில் ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர் மன்னார்குடிக்கு மேற்கே கிடை போட்டிருந்த ஒரு கீதாரியிடம் பேசி வைத்திருந்தார். அப்பாவைத் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டு, தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சிங்கப்பூர் சென்று திருச்சிக்கு வானூர்தி ஏறினேன். உண்மையைச் சொல்வதானால் எனக்கு ஒரே நோக்கம்தான் இருந்தது. ஆடுகளை அழைக்கும் குரலை, அடைக்கும் குரலைப் பதிவு செய்து வந்து மாலை ஏழு மணிக்கு அப்பாவுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். அவர் மனம் அமைதியடையும் என்று நம்பினேன். மாணவனின் கேள்வி அதற்கு ஒரு சாக்கு.

மன்னார்குடியில் இறங்கியதும் இராசகோபால சுவாமி கோயிலுக்குப் போனோம். அங்கே பெருமாள் மாடு மேய்க்கும் கோலத்தில் இருக்கிறார். மேய்ப்பவனுக்கு அத்துணை பெரிய கோயில் கட்டிய ஊருக்கு வெளியே, வாய்க்கால் கரையில், உண்மையான மேய்ப்பவரைக் கண்டோம்.

அறுபதைத் தாண்டிய மெலிந்த மனிதர். தலையில் துண்டு, தோளில் நீண்ட தொரட்டி, கையில் தூக்குச்சட்டி. “வாங்க தாயி, நடப்பியளா?” என்றுதான் முதலில் கேட்டார். மலேசியா எங்கே இருக்கிறது, என்ன சம்பளம் என்றெல்லாம் கேட்கவில்லை. நடக்க முடியுமா என்பது மட்டுமே அவருக்கு வேண்டியிருந்தது. வழிகாட்டுவதற்கு என்ன கட்டணம் என்று தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டான். அவர் சிரித்துவிட்டார். “ஆட்டுக்கு வழி காட்டத்தான் நமக்குத் தெரியும். மனுசனுக்கு வழி காட்டக் காசு வாங்கினது இல்லை” என்றார். அரிசியும் பருப்பும் வாங்கித் தந்தோம். அதை அவருடைய மனைவி மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

மந்தையில் 640 உருப்படிகள். பெரும்பாலும் இராமநாதபுரம் வெள்ளை. வெள்ளையில் செம்புள்ளி தெறித்தாற்போன்ற வேம்பூர் ஆடுகளும் சில இருந்தன. இவை கம்பளிக்கு உதவாத இனங்கள், இறைச்சிக்கும் எருவுக்கும்தான். மங்கோலியரைப்போல் பால் கறப்பதும் இல்லை. “அது குட்டிக்கு” என்றார் அக்கா. (கீதாரியின் மனைவியை நான் அக்கா என்றே அழைத்தேன்.) பிறந்து சில நாள்களே ஆன குட்டிகளை மந்தையோடு விடமாட்டார்கள். கூடாப்பு என்னும் கவிழ்த்த கூடை போன்ற கூட்டுக்குள் அடைத்துத் தழை கட்டித் தொங்கவிடுவார்கள். மாலையில் தாய் ஆடுகள் திரும்பும்போது எழும் கூச்சல் இருக்கிறதே, எங்கள் பள்ளியில் ஓய்வு மணி அடித்தால் எழும் கூச்சலை அது விழுங்கிவிடும். அத்தனைக்குள்ளும் ஒவ்வொரு தாயும் தன் குட்டியை மணத்தால் கண்டுபிடிக்கிறது. தவறிப்போய்ப் பால் குடிக்க வந்த அயல் குட்டியை முட்டித் தள்ளுகிறது.

“உங்களுக்குக் குதிரை இல்லையா?” என்று கேட்டேன். மாணவர்கள் திரும்பியதும் இதைத்தான் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவர் தொரட்டியால் சுட்டிக் காட்டினார். வரப்போரம் ஒரு பழைய டி.வி.எஸ். எக்ஸெல் வண்டி. இருபுறமும் தண்ணீர்க் குடங்கள், பின்னால் வலைச்சுருள், முன்னால் நொண்டியடித்த குட்டி ஒன்று. “அதான் நம்ம குதிரை. புல்லும் வேணாம், பெட்ரோல் மட்டும் ஊத்தணும்.” தோழி காட்டிய விசையுந்துப் படம் என் நினைவுக்கு வந்தது. தொலைவான ஊருக்கு மந்தையை மாற்றுவதென்றால் இப்போது சரக்குந்தும் பிடிக்கிறார்களாம். அவர் இளைஞராயிருந்த காலத்தில் பரமக்குடியிலிருந்து தஞ்சை வரை முழுவதும் நடைதான்.

முதல் நாள் சுமார் பத்துக் கல் தொலைவு நடந்திருப்போம். நடை என்று சொல்வது தவறு. ஆடு நின்றால் நிற்க வேண்டும். ஓடினால் ஓட வேண்டும். நற்றிணையில் இடைக்காடனார் காட்டும் இடையன் கோலை ஊன்றி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்று சீழ்க்கை அடிப்பான். வகுப்பில் அதைச் சொல்லும்போது ஏதோ ஓய்வாக நிற்கும் அழகிய காட்சி என்றே நான் எண்ணியிருந்தேன். கீதாரியும் அவ்வாறே நின்றார், தொரட்டியை ஊன்றி, ஒரு காலுக்கு ஓய்வு கொடுத்து. ஆனால் கண் மட்டும் ஓயவில்லை. எந்திரம் அறுத்த வயலில் நெல் சிதறிக் கிடக்கும் இடங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆடு நெல்லை அளவுக்கு மீறித் தின்றுவிட்டால் வயிறு உப்பிச் செத்துவிடும். அது தவிர நீலநாக்கு நோய், துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி என்று அவர் விரல் மடக்கிச் சொன்ன பட்டியல் நீண்டது.

இரவு கிடையில் தூக்கம் வரவில்லை. மாசிப் பனி போர்வையை நனைத்தது. வலைக்குள் 640 ஆடுகள் அசைபோடும் ஒலி, தொலைவில் மழை பெய்வதுபோல் இருந்தது. நள்ளிரவில் கீதாரியும் அவர் பங்காளிகள் இருவரும் எழுந்து, ஆடுகளை எழுப்பி, வலையைப் பிரித்து வயலின் மறுபுறத்தில் கட்டினார்கள். ஒரே இடத்தில் எரு குவிந்துவிடக் கூடாதாம். வயல் முழுவதும் சீராக விழ வேண்டுமாம். பயிரிடப்போகிறவர் வீட்டில் உறங்குகிறார். அவருடைய வயலுக்காக இவர்கள் எழுந்திருக்கிறார்கள்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மாவட்டங்களைச் சிதைத்த பிறகு, கடனுக்காகச் சிறுவர்களை ஆடு மேய்க்க அடகு வைத்த செய்திகள் ஏடுகளில் வந்தன. அதற்கு முன்னரும் அந்தக் கொடுமை இருந்ததுதான். தொடக்கப்பள்ளி ஆசிரியை என்னும் முறையில் என் கண் முதலில் தேடியது, மந்தைக்குப் பின்னால் சிறுவன் எவனேனும் நடக்கிறானா என்பதைத்தான். இல்லை. இருந்தும் கேட்டேன். கீதாரி சற்று நேரம் பேசவில்லை. “எங்க அப்பா காலத்துல இருந்துச்சு, எங்கிட்டயும் ஒருத்தன் இருந்தான். அவன் இப்ப திருப்பூர்ல இருக்கான். நம்மோட பேசமாட்டான்” என்றார். அவருடைய பேரன் பரமக்குடியில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். இந்தத் தொழிலுக்கு அவன் வரமாட்டான் என்பதை வருத்தமாகவும் சொல்லவில்லை, மகிழ்ச்சியாகவும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள்தான் நான் எழுதத் தயங்கிய நாள்.

படுகையில் சம்பா அறுப்பதற்குச் சில நாள்கள் முன்பே ஈரவயலில் உளுந்தும் பயறும் விதைத்துவிடும் வழக்கம் உண்டு. நெல் அறுத்ததும் அது தலைகாட்டும். ஆகவே ஒரு வயல் தாள் மட்டுமாக இருக்கும். அடுத்த வயலில் உளுந்து முளைத்திருக்கும். இடையே ஒரு முழ அகல வரப்பு. 2023 அக்டோபரிலேயே மேட்டூர் அணை மூடப்பட்டு, தண்ணீருக்கு அல்லாடிய ஆண்டு அது. நெல்லில் பட்ட நட்டத்தை உளுந்தில் எடுக்கலாம் என்று காத்திருந்தவர்கள் பலர்.

வரப்பு உடைந்திருந்த ஓரிடத்தைக் காட்டி, “தாயி, இந்த மடையில மட்டும் நில்லுங்க. ஆடு வந்தா கைய வீசுங்க, போதும்” என்றார் கீதாரி. வேலை ஒன்று எனக்கும் கிடைத்ததில் பெருமையாக இருந்தது. நின்றேன். வெகு தொலைவில் அவர் ஆடுகளைத் திருப்ப ஓர் ஒலி எழுப்பினார். நாக்கை மேலண்ணத்தில் தட்டி, பிறகு நீட்டி இழுக்கும் ஒலி. அப்பா எழுப்பும் ஒலியேதான்! முப்பது ஆண்டுகளாக நான் கேட்காத ஒலி. கைப்பேசியை எடுத்துப் பதிவு செய்யத் தொடங்கினேன். இன்னும் தெளிவாகக் கேட்கட்டும் என்று நாலைந்து எட்டு முன்னால் சென்றேன். கண்களை மூடிக்கொண்டேன் என்றுகூட நினைக்கிறேன்.

கண் திறந்தபோது மடை வழியே ஐம்பது அறுபது ஆடுகள் உளுந்துக்குள் இறங்கியிருந்தன. ஓர் ஆடு நுழைந்தால் மற்றவை எண்ணிப் பார்ப்பதில்லை. கீதாரி கத்திக்கொண்டே ஓடி வந்தார். அந்த வயதில் ஒருவர் அவ்வாறு ஓடி நான் கண்டதில்லை. பங்காளிகள் வந்து விரட்டி வெளியே கொண்டுவருவதற்குள் கால் மா அளவு உளுந்து தரையோடு போயிற்று. வயல்காரர் வந்தார். இரண்டு ஆடுகளைப் பிடித்துக் கட்டிப்போட்டார். பேசிய சொற்களை இங்கே எழுத இயலாது. அவரைக் குறை சொல்லவும் இயலாது; அது அவர் குடும்பத்தின் உளுந்து.

நான்தான் காரணம் என்று சொல்ல வாய் திறந்தேன். கீதாரி கையமர்த்திவிட்டார். ஒரு மணி நேரம் பேச்சு நடந்தது. ஈடாகப் பணமும், மூன்று இரவு கூலியில்லாக் கிடையும் என்று முடிவாயிற்று. ஆடுகள் அவிழ்த்துவிடப்பட்டன. பணத்தை நான் தருகிறேன் என்று அவரிடம் சென்றேன்.

“வேணாம் தாயி. மேஞ்சது என் ஆடு. நின்னது நீங்க. நிக்க வச்சது நான்” என்றார். கோபமாகச் சொன்னாலாவது தாங்கியிருப்பேன்.

அன்றிரவு அக்காவின் கையில் பணத்தை வைத்தேன். அவர் அடுப்பைப் பார்த்தவாறே வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, “அவருக்குத் தெரிய வேணாம்” என்றார். பிறகு எனக்குக் கஞ்சி ஊற்றிக் கருவாட்டுக் குழம்பு வைத்தார். வழக்கத்தைவிட ஒரு துண்டு கூடுதலாக வைத்தாரா, அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றியதா, தெரியவில்லை. மூன்றாம் நாள் காலையில் கீதாரி என்னிடம் மீண்டும் ஒரு மடையைக் காட்டி நிற்கச் சொன்னார். கைப்பேசியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு நின்றேன்.

(அதே குளிர்காலத்தில்தான் மங்கோலியாவில் ‘சுட்’ என்னும் கொடும்பனி வந்து, 70 இலட்சத்திற்கும் மேற்பட்ட கால்நடைகள் மாண்டன. நாடு திரும்பிய பின்னர் தோழி செய்தியைக் காட்டினார். அவர் தங்கிய குடும்பத்தின் நிலை என்னவென்று அறிய வழிகாட்டிக்கு எழுதியிருந்தார். பாதிக்கு மேல் போய்விட்டன என்று பதில் வந்ததாம். அன்று ஆசிரியர் அறையில் நாங்கள் இருவரும் வேறு எதுவும் பேசவில்லை.)

மார்ச்சில் பள்ளி தொடங்கியதும் அந்த மாணவனை அழைத்து, “இருக்கிறார்கள்” என்றேன். அவன் கேள்வியை மறந்திருந்தான். டி.வி.எஸ். வண்டியின் முன்னால் அமர்ந்திருந்த குட்டியின் படத்தைப் பார்த்ததும் ஒரு படி தனக்கு வேண்டும் என்றான். எடுத்துக் கொடுத்தேன்.

மாசாய்க்குத் திரும்பிய மறுநாள் மாலை, ஏழு மணிக்குச் சற்று முன்னர் அப்பாவுக்கு அருகில் அமர்ந்து பதிவை ஓடவிட்டேன். முதலில் காற்றின் இரைச்சல். பிறகு அந்த ஒலி. அப்பா தலையை நிமிர்த்தினார். தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். தங்கை என் கையைப் பற்றிக்கொண்டாள். ஆடுகள் கத்தும் ஒலி கேட்டது. “செம்மறி” என்றார் அப்பா. “நம்ம ஆடு இல்ல.”

நான் பதிவை நிறுத்த மறந்துவிட்டேன். அடுத்து, கீதாரி கத்திக்கொண்டே ஓடிவரும் குரல் வந்தது. அப்பாவின் முகம் மாறியது. நாற்காலிக் கைகளைப் பிடித்துப் பாதி எழுந்துவிட்டார்.

“எவன்டா அது, மடையை விட்டுட்டுப் போனவன்? வயல்ல எறங்கிடுச்சு பாரு!”

“நான்தான்ப்பா” என்றேன்.

என்னை உற்றுப் பார்த்தார். பிறகு என் பெயரைச் சொல்லி, அந்த ஆண்டில் முதல் முறையாக, வாயாரத் திட்டினார். பொறுப்பில்லாதவள், ஒரு வேலையைச் சொன்னால் உருப்படியாகச் செய்யத் தெரியாதவள், படிப்பு ஒன்றுதான் குறை. தங்கை சிரித்துக்கொண்டே அழுதாள். நட்ட ஈடு கட்டியாயிற்றா என்று கேட்டார். கட்டியாயிற்று என்றேன். யார் கட்டியது என்று கேட்டார். சொன்னேன். அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆறிப்போன தேநீரைக் குடித்தார்.

ஏழு மணிக்கு எழுந்து கதவருகே சென்றார்.